கேட்லாக் வாங்கிய இரண்டு வண்டிகள்

கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் ‘கேட்லாக்’தான். டிராக்டர், லாரி உதிரி பாகங்கள் விற்கும் கடையின் கவுன்டரில் இருபத்திரண்டு வருடமாக நின்றவர். உடைந்த பாகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு யாராவது வந்தால், முடிச்சை அவிழ்ப்பதற்குள்ளேயே எந்த வண்டி, எந்த வருடத்து மாடல், எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டு என்று சொல்லிவிடுவார். வந்தவர் வாயைப் பிளப்பார். அந்தப் பிளந்த வாயைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி.

ஆனால் ஒரு விஷயம் வெளியில் தெரியாது. அத்தனை டிராக்டருக்குப் பாகம் எடுத்துக் கொடுத்த மனிதர் ஒரு தடவைகூட டிராக்டர் ஓட்டியதில்லை. கடையின் சின்ன டெலிவரி வேனை ஓட்டுவார். அவ்வளவுதான். கேட்டால் ஓட்டத் தெரியாது என்று சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் மனைவி வீட்டின் முன் அறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து அவள் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது. இரண்டு பேர் உழைப்பையும் சேர்த்து, ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். நிலம் என்று சொன்னால் நிலம், பார்த்தால் முட்காடு. ஆளுயர முள்மரம், மண்ணைக் காட்டாத கல், கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும் சரிவு. மனைவி முதல் நாள் போய்ப் பார்த்தபோதே புடவை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. “பரவாயில்ல, கிழிசல் தைக்கத் தெரிஞ்ச ஆள்தான் வந்திருக்கேன்” என்று சிரித்தாள். சுத்தம் பண்ணி எலுமிச்சையும் கொய்யாவும் வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

முள்ளை இழுத்துப் போடவும் உழவும் டிராக்டர் வேண்டும். கல்லை அள்ளிக்கொண்டு போக லாரி வேண்டும். அந்தச் செய்தி கடைத்தெருவில் பரவியதும் கவுன்டரில் பாகம் கேட்பது குறைந்து, “கேட்லாக் என்ன வண்டி எடுக்கப் போறாரு?” என்று கேட்பது கூடிவிட்டது. முதலாளியே ஒரு நாள், “நீங்க எடுக்கிற வண்டியைப் பாத்துத்தான் நானே எனக்கு ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன்” என்றார். கேலியா, மெய்யா என்று தெரியவில்லை. கேட்லாக் மெய் என்றே எடுத்துக்கொண்டார். போதாததற்கு, மனைவியின் அண்ணன் ஒரு கல்யாணத்தில் பத்துப் பேர் நடுவில், “மச்சானுக்கு என்ன, டிராக்டரை அட்டைப்பெட்டியில வச்சே ஓட்டிடுவாரு” என்று சொல்லிச் சிரித்திருந்தான். அது அவருக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது.

கடைக்கு எதிர்ச்சாரியில் தகரக் கொட்டகை போட்டு வேலை பார்க்கும் மெக்கானிக்கை அவர் துணைக்கு அழைத்துப் போனார். இருபது வருடப் பழக்கம். அதிகம் பேசாத மனிதர். பேசினால் இன்ஜினைப் பற்றி இருக்கும். கேட்லாக்கின் மனைவி அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள்.

பழைய வண்டிகள் விற்கும் யார்டில், புதுச் சிவப்புப் பெயின்ட் அடித்த பெரிய டிராக்டர் ஒன்று வரிசையின் முன்னால் நின்றது. பின்சக்கரம் கேட்லாக்கின் தோளைத் தொட்டது. அதன் பக்கத்தில் ஆறு சக்கர டிப்பர் லாரி. இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் அவர் மனதில் கடைத்தெரு முழுக்க வந்து நின்று கைதட்டிவிட்டது.

மெக்கானிக் டிராக்டரைச் சுற்றி வந்தார். “உங்க நிலத்துக்குப் போற பாதை எவ்வளவு அகலம்?” என்று கேட்டார்.

“போகும்.”

“அளந்தீங்களா?”

“பாத்தா தெரியாதா?”

“அளந்துட்டு வந்து வாங்குங்க. இந்த சைஸ் உங்களுக்கு வேணாம்னு நினைக்கிறேன். முள்மரத்துக்கு நடுவுல திருப்ப முடியாது. நடுத்தர வண்டி ஒண்ணு எடுங்க, பின்னாடி ஒரு டிரெய்லர் மாட்டுங்க, கல்லையும் அதுலயே அள்ளலாம். வேர் பிடுங்க மண்ணு தோண்டுற மெஷினை ரெண்டு நாள் வாடகைக்குக் கூப்பிட்டா போதும். லாரியே தேவையில்ல.”

கேட்லாக்குக்குச் சுருக்கென்றது. நடுத்தர வண்டியும் ஒரு டிரெய்லரும்! அதை வாங்கவா இத்தனை பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள்? “சரி, லாரியைப் பாருங்க” என்றார்.

மெக்கானிக் லாரிக்கு அடியில் போய்க் கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். யார்டுக்காரன் காதில் விழாதபடி கேட்லாக்கை வண்டியின் பின்பக்கம் கூப்பிட்டுப் போனார். “இன்ஜின் ஓடும். ஆனா ஹேண்ட் பிரேக் சுத்தமா பிடிக்கல. லீவர் மேல வருது, கீழ ஒண்ணும் நடக்கல. எடுக்கிறதா இருந்தா முதல்ல என் ஷெட்டுக்குக் கொண்டாங்க. மாத்தாம சரிவுல நிறுத்தாதீங்க. தெரியுதா?”

“ஏங்க, ஹேண்ட் பிரேக் பத்தி எனக்கா சொல்றீங்க?” என்று கேட்லாக் சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வண்டியும் வந்து சேர்ந்தன. டிராக்டர் நிலம் வரைக்கும்கூடப் போகவில்லை. பக்கத்து நிலத்து வேலிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே போகும் பாதை, வெளிப்பக்கம் அகட்டி மாட்டியிருந்த அதன் பின்சக்கரங்களுக்கு ஒரு சாண் குறைவாக இருந்தது. லாரி அந்த இடத்தில் உரசிக்கொண்டு நுழைந்துவிட்டது. டிராக்டர் முடியாது என்று நின்றுவிட்டது. வாங்கிய டிராக்டர் வெளியே ரோட்டோரம் நிற்க, உழ வேண்டிய நிலம் உள்ளே கிடந்தது. கேட்டவர்களிடம் கேட்லாக், “மண்ணு இன்னும் காயல, அவசரப்படக் கூடாது” என்றார். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அதனால் லாரியாவது மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்தில் கேலி செய்த அந்த மச்சான் குடும்பத்தோடு நிலம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். மெக்கானிக் கொட்டகையில் விட்டால் நான்கு நாள் ஆகும். ஞாயிறு போகட்டும், திங்கள்கிழமை விட்டுக்கொள்ளலாம் என்று கேட்லாக் முடிவு செய்தார்.

ஞாயிறு காலையில் நான்கு கூலியாட்கள் கல் பொறுக்கி லாரியில் பாதி நிரப்பியிருந்தார்கள். மச்சான் குடும்பம் வந்து இறங்கியது. கேட்லாக், வேன் ஓட்டிய பழக்கத்தில், லாரியை மேட்டிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, சரிவின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது வழக்கம்போல் மேலே வந்தது. கியரில் போட்டு நிறுத்த வேண்டும், சக்கரத்துக்கு முன்னால் கல் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை சொன்ன விஷயம்தான். கதவை ஓங்கிச் சாத்திவிட்டு, “எப்படி மச்சான்?” என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.

 மச்சானின் கண் இவரைத் தாண்டிப் போயிற்று.

லாரி சத்தமில்லாமல்தான் கிளம்பியது. முதலில் கல் நொறுங்கும் மெல்லிய சத்தம், பிறகு வேலிக்கம்பி அறுபடும் சத்தம், பிறகு ஒரு பெரிய இடி. பக்கத்து நிலம் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவருடையது. அவருடைய பம்ப் ரூமின் ஒரு சுவரை லாரி முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, மூக்கை அதற்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. நர்ஸம்மா பத்தடி தள்ளி, கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றார். மோட்டாரைப் போட்டுவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருக்கிறார். குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

எல்லோரும் ஓடினார்கள். கேட்லாக் கடைசியாகத்தான் ஓடினார். போய்ச் சேர்ந்தபோது நர்ஸம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ரெண்டு நிமிஷம் முன்னாடி நான் உள்ள இருந்தேன். எப்படிய்யா வண்டியை நிறுத்தினே?”

மச்சான் பார்த்தான். அவன் பிள்ளைகள் பார்த்தார்கள். கூலியாட்கள் பார்த்தார்கள். மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“மெக்கானிக் பாத்து சரின்னு சொன்ன வண்டிங்க” என்றார் கேட்லாக். “அவரை நம்பித்தாங்க எடுத்தேன். பிரேக் பிடிக்கும்னு சொன்னாரு.”

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து எத்தனை சுலபமாக வந்தது என்பதுதான் பின்னால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் மாதிரி வந்தது. வந்ததும் எல்லோருடைய முகமும் அவரை விட்டு வேறு பக்கம் திரும்பியது. அந்த நிம்மதி இருக்கிறதே, அது இனித்தது. அதைத்தான் அவரால் பிறகு மறக்க முடியவில்லை.

மனைவி அங்கேயே நின்று மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். “அண்ணே, உங்களை நம்பித்தானே அவர் வாங்கினாரு? ஒரு அம்மா உயிர் போயிருக்கும்ணே. பாத்து சொல்றதுன்னா ஒழுங்கா பாத்து சொல்ல வேணாமா? சொந்தத் தங்கச்சியா இருந்தா இப்படிச் செய்வீங்களா?” அவள் குரல் உடைந்தது. கேட்லாக் அவளுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றார்.

மறுபக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “அவர் பக்கத்துல இருக்காராம்மா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“இங்கதான் நிக்கிறாரு.”

“ம். அந்தம்மாவுக்கு அடி ஒண்ணும் இல்லையே? சரிம்மா. நான் காலைல வரேன்.”

சொன்னபடி வந்தார். சங்கிலி போட்டு லாரியை வெளியே இழுக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நர்ஸம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் தலை குனிந்து வேலையைப் பார்த்தார். கேட்லாக் அன்றைக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஆனால் கடையும் அவரைக் காப்பாற்றவில்லை. மறுநாள் கவுன்டரில் ஏழெட்டுப் பேர் நின்றபோது மெக்கானிக் வந்தார். லாரியின் மாடலைச் சொல்லி, “ஹேண்ட் பிரேக் செட் ஒண்ணு” என்றார். கேட்லாக் திரும்பினார். மூன்றடி தள்ளி, இரண்டாவது அலமாரி, நான்காவது தட்டு. பெட்டியின் மேல் தூசி படிந்திருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து, ஏன், அதற்கு முன்னாலிருந்தே அது அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. எடுத்து, தூசியைத் துடைத்து, கவுன்டரில் வைத்தார். மெக்கானிக் வாங்கிக்கொண்டு போனார். நின்றவர்களில் ஒருவர், “இனிமே இந்த மெக்கானிக்கிட்ட வண்டி விட முடியாது போலிருக்கே. உசிரு விஷயமாச்சே” என்றார். கேட்லாக் அவருக்கு வேண்டிய ஃபில்டரைக் காகிதத்தில் சுற்றினார். ஒரு சுற்றுக்குப் பதில் நான்கு சுற்றுச் சுற்றினார்.

பத்து நாள் போயிற்று. எதிர்ச்சாரிக் கொட்டகையில் வழக்கமாக வரிசையாக நிற்கும் வண்டிகள் குறைந்ததைக் கவுன்டரிலிருந்தே பார்க்க முடிந்தது. கண்ணாடி முன் முகம் சவரம் செய்யும்போது கண்ணைப் பார்க்காமல் கன்னத்தை மட்டும் பார்த்தார். பதினோராம் நாள் மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, கொட்டகைக்குள் நுழைந்தார்.

மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தது. கேட்லாக் அந்தக் கால்களிடம் பேசினார்.

“நான் அன்னைக்குச் சொன்னது தப்புங்க.”

ஸ்பேனர் சத்தம் நின்றது.

“நீங்க சொல்லியும் நான்தான் கேட்கல. எல்லாரும் பாத்தாங்க... வாய் தவறிப் போச்சு. மன்னிச்சிடுங்க.”

“யாராவது கூட வந்திருக்காங்களா?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“இல்லைங்க. நான் மட்டும்தான்.”

“அதான் பாத்தேன்.” மெக்கானிக் வெளியே வரவில்லை. “ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னீங்க. திருத்த மட்டும் என் காதுக்கு வந்திருக்கீங்க. எனக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே.”

ஸ்பேனர் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. கேட்லாக் கொஞ்ச நேரம் அந்தச் செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை மெஷினை நிறுத்தவில்லை. முடித்ததும் நிறுத்தினாள்.

“நான் மெக்கானிக் அண்ணனைத் திட்டினப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?”

“ஆமா.”

“நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னீங்க.”

“ஆமா.”

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் எழுந்து, முகம் கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அவரும் பின்னால் போனார். “நீங்க வெளிய நில்லுங்க” என்றாள். அவர் தெருவில் நின்றார். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. வீட்டுக்கு வரும்வரை அவருக்கு நான்கடி முன்னாலேயே நடந்தாள்.

மறுநாள் காலை கடையில் கூட்டம் நெருக்கியடிக்கும் நேரம். கேட்லாக் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க” என்றார். “என் லாரி உருண்டதுக்கு மெக்கானிக் காரணமில்ல. ஹேண்ட் பிரேக் போச்சு, மாத்தாம சரிவுல நிறுத்தாதீங்கன்னு அவர் என்கிட்ட தெளிவா சொன்னாரு. நான்தான் மச்சானுக்குக் காட்டணும்னு எடுத்துட்டுப் போனேன். பழியை அவர் மேல போட்டது நான். டிராக்டரும் வேணாம்னுதான் சொன்னாரு. எனக்கு... எனக்கு டிராக்டர் ஓட்டவே தெரியாது.”

கடைசியில் சொன்னது அவர் சொல்ல நினைத்ததில்லை. அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

யாரோ ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “சரிங்க, என் ஆயில் சீல் என்னாச்சு? அரை மணி நேரமா நிக்கிறேன்” என்றார். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் கதை தெருவின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டது. இரண்டே நாளில் ‘கேட்லாக்’ என்ற பெயர் போய், ‘ஹேண்ட் பிரேக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. போன் பண்ணுகிறவர்கள்கூட, “ஹேண்ட் பிரேக் அண்ணன் இருக்காரா?” என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் காது மடல் சூடாகும். “இருக்கேன், சொல்லுங்க” என்பார்.

மெக்கானிக்கை விட்டுப் போன இரண்டு வாடிக்கையாளர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். ஒருவர் அடுத்த வாரமே திரும்பி வந்தார். மற்றவர், “இப்ப விடற ஷெட்டுல ஒண்ணும் குறையில்ல, எதுக்கு மாத்தணும்?” என்று கதவைச் சாத்தினார். அவர் திரும்பி வரவேயில்லை.

நர்ஸம்மாவிடம் போவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவர் முழுதும் கேட்டார். “அப்ப அந்த மனுஷனை நான் வேலிகிட்ட நின்னு அவ்வளவு பேசினது?” என்றார். பிறகு அவர் முகமும் சிறுத்துப்போயிற்று. “நீ போய் எனக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுடலாம்னு நினைக்காதே. நானே போய்க்கிறேன். நீ பம்ப் ரூமைக் கட்டிக் குடு.”

கட்டினார். கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுத்து, சாந்து சுமந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கேயே கிடந்தார்.

டிராக்டரையும் லாரியையும் வந்த விலைக்கு விற்றார்கள். அடுத்த வண்டியைத் தேர்ந்தெடுக்கப் போனபோது மனைவி தையல் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். முதலில் பாதையை அளந்தாள், பிறகு யார்டில் ஒவ்வொரு வண்டியையும் அளந்தாள். யார்டுக்காரன், “என்னம்மா, டிராக்டருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்று கேட்டான். “ஆமா, உங்களுக்கும் ஒண்ணு தைக்கவா?” என்றாள். மெக்கானிக் சிரித்தார். அவர் அவளுக்காகத்தான் வந்திருந்தார். கேட்லாக்கைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவே. நடுத்தர அளவில், நிறம் மங்கிய ஒரு டிராக்டரையும் ஒரு டிரெய்லரையும் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். கேட்லாக்கிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

வேர்களை வாடகை மெஷின் இரண்டரை நாளில் பிடுங்கிப் போட்டது. டிராக்டர் ஓட்ட மனைவிதான் முதலில் கற்றுக்கொண்டாள். தையல் மெஷினை மிதித்த காலுக்குக் கிளட்ச் பெரிய விஷயமாக இல்லை. அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. இப்போதும் அவர் ஓட்டினால் உழவுக்கோடு பாம்பு போன மாதிரி வளையும் என்பது அவள் கருத்து. அதனால் பெரும்பாலும் அவள் ஓட்டுவாள், அவர் பின்னாலேயே நடந்து கல் பொறுக்கி டிரெய்லரில் போடுவார்.

மேல்பாதியில் எலுமிச்சைக் கன்றுகள் வைத்த வாரத்தில் ஒரு நாள் மெக்கானிக் நிலத்துக்கு வந்தார். டிராக்டரில் எண்ணெய் கசிகிறது என்று மனைவி சொல்லியிருந்தாள். பார்த்து, ஒரு போல்ட்டை முறுக்கி, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கன்றுகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தார். கேட்லாக் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பழையபடி கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அரை மணி நேரம் இன்ஜின் கதை பேசுகிற வழக்கத்தை மெக்கானிக் விட்டுவிட்டிருந்தார். பாகத்தைக் கேட்பார், வாங்குவார், போவார்.

போகிற வழியில் அவருக்கு எதிரே வந்தபோது மெக்கானிக் ஒரு கணம் நின்றார். கீழ்ப்பக்கத்தைக் கை காட்டினார்.

“அந்த மூலையில இன்னும் கல்லு நிறைய கிடக்கு.”

“பாத்தேங்க. எடுத்துடறேன்.”

“வெயில் ஏறுது. தலையில துண்டு கட்டிக்கோங்க.”

சொல்லிவிட்டு அவர் பாதையில் இறங்கிப் போனார். கேட்லாக் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்கு நடந்தார்.